மடித்து வரைந்த பரவளையம்

பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் மூன்று முறை தோற்றிருக்கிறேன். முதல் முறை முப்பத்தொன்று, இரண்டாம் முறை இருபத்தெட்டு, மூன்றாம் முறை இருபத்திரண்டு. படிக்கப் படிக்க மார்க் குறைந்தது. நாலாவது முறை எழுதினால் நான்தான் அவர்களுக்கு மார்க் தர வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் நிறுத்திவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளப் போனேன். மற்றப் பாடங்கள் எல்லாம் பாஸ். சமூக அறிவியலில் எழுபது. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அத்தை, "பொண்ணு பத்தாவது பாஸு" என்றாள். நான் அப்போது காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கையில் சூடான காபி இருக்கும்போது திருத்தம் சொல்வது கஷ்டம். காபி கொடுத்து முடித்ததும் தட்டு மாற்றும் தேதி பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை எட்டாவது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார், நல்ல மனிதர், வாயே திறக்க மாட்டார் என்றார்கள். மூன்றும் உண்மையாக இருந்தது. எங்கள் பக்கம் சொன்னதுதான் பொய்.

கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முதல் வாரம் சொல்வது சரியில்லை. முதல் மாதம் மசக்கை. அப்புறம் மகள் பிறந்தாள். அப்புறம் சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று ஒரு கேள்வி கூடுதலாக வரும். வருஷம் ஆக ஆக அந்தக் கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது. பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. ஜாக்கெட் மட்டும்தான் தைப்பேன். சுடிதார் கொண்டுவந்தால் அடுத்த தெருவைக் காட்டுவேன். வேலை சுத்தமாக இருக்கும், சொன்ன தேதியில் இருக்காது. இது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் வருவார்கள். இப்படி வந்த ஒரு மேடம், நகரத்தில் பெண்களுக்கான தையல் பயிற்சி மையம் நடத்துகிறவர், வாரத்துக்கு இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். போனேன். இருபது பெண்கள். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்துவிட்டது. நான் ஒன்றைச் சொல்ல, இருபது பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் முறை.

ஒரு வருஷம் போனதும் மேடம், "வர்ற ஜூன்லேர்ந்து உங்கள நெரந்தரமாப் போட்டுடலாம். பத்தாவது சர்டிபிகேட்டு ஒரு ஜெராக்ஸ் குடுத்துடுங்க" என்றார். "குடுத்துடறேன் மேடம்" என்றேன். நாக்குக்கு என்ன, அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார். ஆனால் அடுத்த வாரம் அவர் கம்பெனியில் வேலை செய்பவரின் மனைவி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தபோது, "உங்க வூட்டுக்காரரு சொன்னாராமே, எங்க வூட்ல டீச்சராவப் போறாங்க, பத்தாவது படிச்சவங்கன்னு. ஷிப்டு பூரா அதே பேச்சாம்" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். வருஷத்துக்குப் பத்து வாக்கியம் பேசுகிற மனிதர். அதில் இரண்டை இதற்குச் செலவழித்திருக்கிறார். சர்டிபிகேட் இல்லையென்றால் வேலை போகும், அது கூடப் பரவாயில்லை. அந்த இரண்டு வாக்கியமும் பொய்யாகிவிடும். அவரைப் பொய்யராக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே ஜூனுக்குள் கணக்கில் முப்பத்தைந்து மார்க் வாங்கி, பொய்யைச் சத்தமில்லாமல் உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டேன். கணக்குப் புத்தகம் வாங்கி, அதை லைனிங் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மகளிடம் கேட்டுப் படித்திருக்கலாம். அவள் கடலூரில் விடுதியில் தங்கி பி.காம். படிக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் அவள் வாயில் ஒரு விஷயம் அரைமணி நேரம் தங்கினால் அதிசயம். எனவே நானே படித்தேன். முதல் அத்தியாயம் உறவுகளும் சார்புகளும். எங்கள் உறவுகளைச் சார்ந்துதான் இந்த நிலைமைக்கே வந்தேன் என்பதால் அந்த அத்தியாயத்தை ஆத்திரத்தோடு மூடிவிட்டேன்.

புத்தகத்தைக் கண்டுபிடித்தது ஒரு கணக்கு டீச்சர். முப்பது வயதுப் பெண், வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை. தீபாவளிக்கு நாலு ஜாக்கெட் கொடுத்திருந்தாள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் பள்ளி விட்டு நேராக வந்து, "அக்கா, ரெடியா?" என்றாள். "கொக்கி, காஜா மட்டும்தான் பாக்கி" என்றேன். உண்மையில் வெட்டவே இல்லை. "எங்க காட்டுங்க" என்று லைனிங் துணிக் கட்டை அவளே தூக்கினாள். அடியில் புத்தகம்.

"யாருக்குக்கா இது?"

"பொண்ணுக்கு."

"உங்க பொண்ணு காலேஜில்ல?"

"மறந்துபோச்சாம். திருப்பிப் படிக்கிறா."

அவள் என்னைப் பார்த்தாள். வகுப்பில் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருப்பாளோ, எனக்கு இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜாக்கெட் வெட்டாதது உட்பட. அவள் ஜாக்கெட்டுக்குத்தான் கோபப்பட்டாள். கோபம் தணிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாசாவறதுக்கு முழு புக்கும் வேணாங்க்கா. வரைபடம் ஒண்ணு போட்டா எட்டு மார்க்கு. வடிவியல் ஒண்ணு, எட்டு. பதினாறு ஆச்சா? மிச்சம் ஒரு மார்க்கு, ரெண்டு மார்க்குல தேத்திடலாம்" என்றாள். முப்பத்தைந்தை அவள் பிரித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. துணியில் எது முன்பாகம், எது கை என்று பிரிப்பது போலத்தான் இருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு அவள் ஜாக்கெட்டைச் சொன்ன தேதியில் கொடுப்பது என்று ஒப்பந்தம். இரண்டில் எது கஷ்டமாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கொடுத்தது y = x² − 4. x-க்கு ஒவ்வொரு எண்ணாகப் போட்டு y கண்டுபிடித்து, வரைபடத்தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். கோணல் இல்லாமல் வளைவாக வர வேண்டும். நான் x-க்கு 0, 1, 2, 3 மட்டும் போட்டேன். பிறகு நடுக்கோட்டில், அதாவது y அச்சில், தாளை மடித்தேன். தாலிச் சரட்டில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குத்து. விரித்தால் இந்தப் பக்கம் புள்ளி, அந்தப் பக்கம் ஓட்டை. ஓட்டையின் மேல் பேனாவை வைத்தால் வேலை முடிந்தது. கழுத்து வரைய வைத்திருக்கும் பிரெஞ்ச் கர்வ் அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் வளைவைப் போட்டேன்.

டீச்சர் தாளைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏழு வருஷமா நடத்துறேன். இவ்ளோ அழகாப் பரவளையம் யாரும் போட்டதில்ல" என்றாள். பத்தாயிரம் கழுத்து வெட்டியவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஜாக்கெட்டில் யாரும் முழுக் கழுத்தையும் வரைய மாட்டார்கள். துணியை மடித்துப் போட்டு, பாதி வரைந்து, வெட்டி விரிப்போம். முழுசாக வரைகிறவள் புதுசு என்று அர்த்தம்.

அடுத்த வாரம் y = x² − 2x − 3. நான் வழக்கம்போல 0, 1, 2, 3, 4 போட்டேன். −3, −4, −3, 0, 5 வந்தது. புள்ளி வைத்தேன், y அச்சில் மடித்தேன், குத்தினேன், விரித்தேன், கர்வை வைத்து இழுத்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பள்ளம், நடுவில் ஒரு சின்ன மேடு.

"என்னக்கா இது?"

"ஸ்வீட்ஹார்ட் நெக்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் தாளைக் கவிழ்த்துப் பிடித்தால் இதயத்தின் மேல்பாதி போல, அது நிஜமாகவே நல்ல ஸ்வீட்ஹார்ட் நெக். பின்னால் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு அந்தத் தாளையே வைத்து வெட்டினேன். ஆனால் கணக்குக்கு அது தப்பு. "உங்க துணியில நடு எப்பவும் நடுவுலதான்கா இருக்கும். இதுல அப்படி இல்ல. வளைவோட நடு எங்கேயோ தள்ளி நிக்கும். மொதல்ல அதத்தான் தேடணும்" என்றாள்.

"எப்படித் தேடறது?"

"பூஜ்யத்துல −3 வந்துச்சா? இன்னொரு −3 எங்க வந்துச்சு?"

"ரெண்டுல."

"அப்ப நடு?"

"ஒண்ணு."

"அங்க மடிங்க."

மடித்தேன். இந்த முறை ஒற்றைப் பள்ளமாக, ஒழுங்காக வந்தது. பத்தாவதில் இதற்கு ஒரு சூத்திரம் கற்றுக்கொடுத்தார்கள், −b/2a என்று. மூன்று பரீட்சைக்கும் அதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அது மடிக்கிற இடம் என்று ஒரு பாவி சொல்லியிருந்தால் அன்றைக்கே பாசாகியிருப்பேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அன்று சாயங்காலம் முழுக்கக் கத்தரிக்கோலை டமால் டமால் என்று வைத்தேன்.

மதிப்பகமும் வீச்சகமும்தான் எங்களுக்குள் சண்டை மூட்டியது. வீச்சகம் என்றால் y எதுவரை போகும் என்பது. இந்த வளைவு −4 வரை இறங்கும், அதற்குக் கீழே இறங்காது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். ஆகவே −4-உம் அதற்கு மேலும். இது எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. கழுத்து இறக்கம் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் என் பாதிச் சண்டைகளும் நடக்கின்றன. அரை இஞ்ச் கூடுதலாக இறக்கியதற்குத் துணிக்கு நஷ்டஈடு கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மதிப்பகம், அதாவது x எங்கிருந்து எங்கு வரை போகலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"−3-லேர்ந்து 5 வரைக்கும்" என்றேன்.

"இல்லக்கா. எல்லா மெய்யெண்களும்."

"தாளு 5-ல முடிஞ்சுதே."

"தாளு முடியும். கோடு முடியாது. ரெண்டு பக்கமும் போய்க்கிட்டே இருக்கும்."

"எதுவரைக்கும்?"

"முடிவே கெடையாது."

"அப்ப யாரு வெட்டறது?"

"யாரும் வெட்ட மாட்டாங்க."

"வெட்டாத துணிய வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது டீச்சர்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். எல்லா மெய்யெண்களும்னு எழுதிட்டு ஒரு மார்க்க வாங்கிட்டு வாங்க." இது எனக்குப் புரிந்தது. நம்பிக்கை இல்லாமல் எழுதினேன். பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் திரும்பி, "அக்கா, அங்க போயித் தாள மடிக்காதீங்க. மனசுல மடிங்க" என்றாள். சரி என்றேன்.

பரீட்சை நகரத்தில் ஒரு பள்ளியில். வீட்டில் பெரிய மார்க்கெட்டுக்கு லைனிங் வாங்கப் போவதாகச் சொன்னேன். "ம்" என்றார். என்னைத் தவிர அந்த அறையில் எல்லாரும் என் மகளுக்குத் தம்பி தங்கை வயது. கண்காணிப்பாளர் ஒரு இளவயது சார். உள்ளே நுழையும்போதே, "பேரண்ட்ஸ் வெளிய இருக்கணும்மா" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேரமும் என் பக்கம் வரும்போதெல்லாம் மரியாதையாக நடந்தார்.

y = x² − 4x − 5 வந்தது. பூஜ்யத்தில் −5, நாலில் −5, நடு இரண்டு. அங்கே −9. அளவு எடுத்து அச்சுகள் வரைந்து, 2, 3, 4, 5, 6 வரை புள்ளி வைத்தேன். அப்புறம் என்ன நடந்தது என்றால், எதுவும் நடக்கவில்லை, கை அதன் வேலையைச் செய்தது. அவ்வளவுதான். தாளை மடித்துவிட்டேன். ஊக்கைக் கழற்றி நாலு புள்ளியிலும் குத்தியும்விட்டேன். விரித்து, ஓட்டைகளின் மேல் பென்சில் வைத்து, வளைவு போட்டு, மதிப்பகம் எல்லா மெய்யெண்களும், வீச்சகம் −9-உம் அதற்கு மேலும் என்று எழுதிய பிறகுதான் மனசு என்ற ஒன்று ஞாபகம் வந்தது.

விடைத்தாள் வாங்கும்போது அந்த சார் வரைபடத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எட்டு ஓட்டை வழியாக எட்டு வெளிச்சம்.

"என்னம்மா இது?"

"புள்ளி சார்."

"ஓட்டையா இருக்கு?"

"புள்ளிதான் சார். அந்தப் பக்கத்துக்கும் தெரியணும்னு குத்துனேன்."

"எந்தப் பக்கத்துக்கு? பேப்பர் திருத்தறவருக்கா?"

நான் என்ன சொன்னாலும் அது வேறு ஒன்றாகக் கேட்டது. அவர் போய்த் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூட்டிவந்தார். விடைத்தாளில் அடையாளம் வைத்தால் தேர்வே ரத்தாகலாம் என்றார் பெரியவர். எதால் குத்தினாய் என்று கேட்டார். ஊக்கு என்றேன். அது எங்கே இருந்தது என்று கேட்டார். தாலியில் என்றேன். இரண்டு பேரும் சற்று நேரம் சுவரைப் பார்த்தார்கள். உள்ளே கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியல் அங்கே ஒட்டியிருந்தது. அதில் தாலி இல்லை. கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். "நான் ஒரு தையல்காரி. மடித்து வெட்டுவது என் பழக்கம். வேறு உள்நோக்கம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது பெரிய மார்க்கெட்டில் இறங்கி லைனிங்கும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

மே மாதம் முடிவு வந்தது. எல்லாருக்கும் பாஸ் அல்லது ஃபெயில். எனக்கு 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது. நான்கு முறையில் இது புது வகை. டீச்சரிடம் போனில் சொன்னேன். அவள் முதலில் என்னைத் திட்டினாள், பிறகு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், கடிதம் வரும் என்றாள். பயிற்சி மையத்து மேடம் சர்டிபிகேட் பற்றி இரண்டாவது தடவை கேட்டுவிட்டார். தபால்காரர் வரும் நேரம் பார்த்துத் தினமும் வாசலிலேயே உட்கார்ந்து காஜா எடுத்தேன். ஒரே ஒரு நாள் பால் வாங்கக் கடைக்குப் போனேன். அன்று என் வீட்டுக்காரருக்கு வார விடுமுறை.

நான் திரும்பி வந்தபோது அவர் கட்டிங் மேசையில் கடிதத்தை விரித்துவைத்து விரலால் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பாலை வைத்துவிட்டு நின்றேன். அவர் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தார்.

"ஒம் பேரு போட்டுருக்கு" என்றார்.

"ஆமா."

"பத்தாவது கணக்குன்னு போட்டுருக்கு."

"ஆமா."

"பாசானவங்க மறுபடியும் எழுதலாமா?"

"எழுத மாட்டாங்க" என்றேன். பத்தொன்பது வருஷமாக நான் ஒத்திகை பார்த்துவைத்திருந்த அத்தனை பேச்சும் எங்கேயோ போய்விட்டது. "நான் பாசாவல. கணக்குல போச்சு. மூணு தடவ. அத்த பொய் சொல்லிட்டாங்க, நானும் சொல்லல" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கூசி, அப்படியே நின்றேன். அவர் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து உறையில் போட்டார். "செவ்வாக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கு" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், பேசவில்லை. வழக்கமாகவே பேசாதவர் கோபத்தில் பேசாமல் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு நாள் அந்த ஆராய்ச்சியிலேயே போனது. ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் பார்த்தேன். அதையும் குடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனிக்குக் கிளம்புவார் என்று பார்த்தால் வண்டியைத் துடைத்து, "ஏறு" என்றார். நெல்லித்தோப்பு சிக்னலில் நிற்கும்போதாவது ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். சிக்னல் விழுந்தது, போனோம்.

விசாரணை அறையில் ஒரு மேடமும் ஒரு சாரும். மேடம் ஜாக்கெட்டில் வலது தோள் நழுவிக்கொண்டே இருந்தது. யாரோ கழுத்தை அகலமாக வெட்டிவிட்டார்கள். எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்கச் சிரமமாக இருந்தது. என் வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்வார்கள் என்று பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. சுவரோரம் நின்றுகொண்டார். என் வரைபடத்தாள் மேசையில் எட்டு ஓட்டையோடு கிடந்தது.

"இது யாருக்காவது அடையாளமா?" என்றார் சார்.

"இல்ல சார். பாதி வரைஞ்சா மிச்சப் பாதி தானா வந்துடும். அதுக்குத்தான் குத்துனது."

"அப்படியா?" என்ற மேடம் ஒரு புது வரைபடத்தாளை என் பக்கம் தள்ளி, y = −x² + 6x − 5 என்று எழுதினார். "இத வரைங்க. எப்படி வரைவீங்களோ அப்படியே."

பூஜ்யத்தில் −5. ஆறில் −5. நடு மூன்று. மூன்றில் போட்டுப் பார்த்தேன், 4. இது கவிழ்ந்த வளைவு, பள்ளம் இல்லை, மேடு. மூன்றில் மடித்து, தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். சார் லேசாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். குத்தினேன், விரித்தேன், புள்ளி வைத்தேன். கர்வ் இல்லாததால் கையாலேயே இழுத்தேன். மேடம் தாளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி, தானும் ஒரு முறை மடித்துப் பார்த்தார். இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது.

"வீச்சகம்?"

"நாலும், நாலுக்குக் கீழயும் மேடம். நாலத் தாண்டி ஏறாது."

"மதிப்பகம்?"

"எல்லா மெய்யெண்களும்." சொல்லிவிட்டு, இதற்கு மேல் பொய் சொல்ல வேண்டாமே என்று, "அப்படித்தான் எழுதச் சொன்னாங்க மேடம். தாளு முடிஞ்சாலும் கோடு போயிக்கிட்டே இருக்குமாம். எனக்கு முழுசா நம்பிக்க வரல" என்றேன்.

"எனக்கும் காலேஜ் போனப்புறம்தான் வந்துச்சு" என்றார் மேடம். ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு சாரிடம் தள்ளினார். அவரும் போட்டார். நாலு நாளில் முடிவை வெளியிடுவார்கள், போகலாம் என்றார்கள். எழும்போது, "மேடம், அந்த ஜாக்கெட்ட எங்கிட்டக் குடுத்து அனுப்புங்க, தோள்பட்டைய ரெண்டு தையல்ல சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டேன். அது லஞ்சமாகத் தெரியுமோ என்று வெளியே வந்த பிறகு பயந்தேன்.

சனிக்கிழமை முடிவு வந்தது. கணக்கு நாற்பத்துமூன்று, தேர்ச்சி. ரெட்டியார்பாளையம் போய்ப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன். எடுத்து விரலால் வரி வரியாகப் படித்தார். என் பேர், பதிவு எண், மார்க் எல்லாம். நான் எதிரே நின்றேன். இந்த ஆள் இன்றைக்கு ஒன்று திட்ட வேண்டும், இல்லை மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும், இரண்டும் இல்லாமல் "ம்" என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது என்கிற நிலைமையில் இருந்தேன்.

"நாப்பத்திமூணு" என்றார்.

"கோவமா?"

"கோவந்தான்."

"திட்டிடுங்க. எட்டு நாளாச்சு, எத்தினி நாள்தான் இப்படி உம்முனு இருப்பீங்க?"

"எட்டு நாளா?" அவர் தாளைப் பார்த்தபடியே பேசினார். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து உங்கிட்ட ஒண்ணு பேசணும்னா மனசுக்குள்ள ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்குவேன். நீ படிச்சவ. எட்டாவதுக்காரன் எதாவது ஒளறிட்டான்னு நெனச்சுடுவியேன்னு. சொல்லிப் பாக்கறதுக்குள்ள நீ அடுத்த வேலைக்குப் போயிடுவ. சரி, அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுடுவேன். ஃபெயிலுன்னு அப்பவே சொல்லியிருந்தா..."

நான் கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் அளவு டேப்பை எடுத்துச் சுருட்டினார்.

"இன்னா பேசணும்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"நெறைய இருந்துச்சு" என்றார். "மறந்துபோச்சு."